பின்னால் ஷாக் இல்லாத சைக்கிள்

கரிசல் காட்டில் ஓடிய சைக்கிளைப் பிரித்தால் உள்ளே கறுப்பு மண்தான் இருக்க வேண்டும். அன்று காலை என் கடையில் அத்தானுடைய சைக்கிளின் பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, அதன் வாயில் இருந்த சீல் என்கிற ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தபோது என் உள்ளங்கையில் விழுந்தது பழுப்பு மண். சலித்தெடுத்த மாவு மாதிரி அவ்வளவு நைசு. உள்ளே இருக்கிற எண்ணெயில் குழைந்து களிம்பாகி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் லேசாகச் சந்தன வாசனை. சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு அந்த மண் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கோயிலில் வாங்கி நெற்றியில் பூசி, மிச்சத்தில் ஒரு துளி நாக்கில் போட்டுக்கொள்கிற புற்றுமண். அது எப்படி ஒரு சைக்கிள் ஷாக்குக்குள் போய் உட்கார்ந்தது என்பதுதான் முதலில் விளங்கவில்லை. ஆனால் ரொம்ப நேரம் மண்டையைக் குடைய வேண்டியிருக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அந்த சைக்கிளை மிதிப்பவர் அவளுடைய புருஷன்.

அத்தான் கரண்டாபீஸில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமும் திருவேங்கடம் பக்கமும் காட்டுக்குள் நிற்கிற கம்பங்களில் பாதிக்கு மேல் தான் நின்று நட்டவை என்பார். நான் சரிபார்த்ததில்லை. ஆள் நல்ல உயரம், பேச்சு மட்டும் குட்டை. வாரம் பூராவும் கம்பம் கம்பமாக அலைந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் கிடப்பார் என்று பார்த்தால், விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே கம்பிக்கு அடியில், அதே காட்டு வழியில்தான் போவார். "எங்கன போறிய?" என்று அக்கா கேட்பாள். "கம்பமெல்லாம் இருக்கான்னு எண்ணிட்டு வாரேன்" என்பார். "போற வழியில புத்தி எங்கனயாவது கெடந்தா அதையும் எடுத்துட்டு வாங்க" என்பாள் அக்கா. கல்யாணம் ஆன புதிதிலிருந்து இந்தச் சண்டை நடந்தது. சண்டை நடக்காத ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கவலையாக இருக்கும். நான் சைக்கிள் கடை போட்டபோது முதல் வாடிக்கை அவர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு கிடந்தவன் கியர் சைக்கிளைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டது அவர் கெடுத்துக்கொண்டு வந்த வண்டிகளில்தான்.

ஒரு மாசி மாசத்தில் அவர் மோட்டார் பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள்; போகிற வருகிற வண்டிச் சக்கரமே அதை அடித்துக் கொடுத்துவிடும். காய்ந்த செடிக்கு அடியில் உருண்டு கிடந்த உளுந்தில் வண்டி வழுக்கியது. கம்பத்தில் ஏறி இறங்கிய அத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட விழாதவர் உளுந்தில் விழுந்தார். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் அடி. திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆகி நாற்பது நாள் மல்லாந்து கிடந்தார். கால் விரலை அசைக்க முடிகிறதா என்று டாக்டர் தினமும் வந்து கேட்பார். நாங்கள் எல்லோரும் அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

அக்கா பொட்டலத்தில் புற்றுமண் கொண்டுபோயிருந்தாள். கட்டுப் போட்ட இடத்தில் பூசப் போனவளை நர்ஸ் தடுத்துவிட்டார். "புண்ணுல மண்ணு படக் கூடாதும்மா" என்று அந்தப் பெண் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அக்கா பொட்டலத்தோடு கட்டிலைச் சுற்றி வந்தாள். மண்ணைக் குழைத்து, கட்டிலின் பக்கத்துக் கம்பியில், அவர் இடுப்புக்கு நேராக வருகிற இடத்தில் மூன்று விரலால் பூசினாள். இரும்பில் பூசுவதற்கு நர்ஸ் என்ன சொல்ல முடியும்? தினமும் காலையில் காய்ந்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இது விசித்திரம் இல்லை. ஆடியில் தபசுக்குக் கொடியேறினால் கோயிலை நூற்றொரு தடவை சுற்றுகிறவள் அவள். ஒற்றைக் காலில் தபசு நிற்கிற அம்மனுக்குக் கால் வலிக்கும், சுற்றுகிறவர்கள் அந்த வலியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறார்கள் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள். வலி கைமாறும் என்றால் கம்பி வழியாகவும் மாறும்தானே. இருபத்திரண்டாம் நாளோ என்னவோ, அத்தானின் கட்டைவிரல் அசைந்தது. ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன். அக்கா கட்டில் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு டாக்டர் சொன்னது இதுதான்: மோட்டார் பைக் வேண்டாம், நடக்க வேண்டும், சைக்கிள் மிதிப்பது நல்லது, ஆனால் முதுகு குலுங்கக் கூடாது. அத்தான் காதில் முதல் பாதி விழுந்தது, அக்கா காதில் கடைசிப் பாதி விழுந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். காட்டு வழியில் ஓட்டுகிற சைக்கிள் இரண்டு வகை. முன் சக்கரத்துக்கு மட்டும் ஷாக் வைத்து, பின்பக்கம் அசையாத வெறும் கம்பியாக இருப்பது ஒன்று. அதை ஹார்டுடெயில் என்பார்கள். முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்தது இன்னொன்று, ஃபுல் சஸ்பென்ஷன். பின் சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடியைச் சீட்டுக்கு வராமல் நடுவிலேயே ஷாக் வாங்கிக்கொள்ளும். கடைக்காரனாக நான் முதலாவதைத்தான் சொன்னேன். எங்கள் பக்கம் மலையும் பாறையும் எங்கே இருக்கிறது? கண்மாய்க்கரை, ஓடை, வண்டித்தடம், கருவேல முள். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியே நகராது, தோளில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். தூக்குகிறவனுக்கு எடை குறைந்த வண்டி நல்லது. மூட்டும் பேரிங்கும் எத்தனை குறைகிறதோ அத்தனைக்கு மண் போகிற இடமும் குறையும். மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தைப் பின் ஷாக் தின்றுவிடும் என்பது வேறு. இவ்வளவையும் நான் விளக்கி முடித்த பிறகு அக்கா ஒரே கேள்வி கேட்டாள். "குலுங்குறது எதுல கொறச்சல்?" நான் ஃபுல் சஸ்பென்ஷன் படத்தைக் காட்டினேன். "அது வந்தா வரட்டும். இல்லன்னா அவிய நடந்துபோயி கம்பம் எண்ணட்டும்" என்றாள். அவிய என்றால் அத்தான்தான். அதற்கு மேல் பேச்சில்லை.

கோயம்புத்தூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்த அந்த வண்டியை நானே சேர்த்துப் பூட்டினேன். பின்னால், சீட்டுக்குக் கீழே, கை நீளத்துக்கும் குறைவாக, உள்ளே காற்று அடைத்த ஒரு ஷாக். அதன் தண்டு கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். ஏறி உட்கார்ந்தால் அந்தத் தண்டு உறைக்குள் இறங்கும், எழுந்தால் வெளியே வரும். அத்தான் ஏறி உட்கார்ந்து தெருவில் இருந்த வேகத்தடையில் வேண்டுமென்றே விட்டார். திரும்பி வந்து, "மாப்ள, தெருவே இல்லாத மாதிரி இருக்கு" என்றார். அவர் அவ்வளவு நீளமாக ஒன்றைப் பாராட்டி நான் கேட்டதில்லை. அக்கா தெருமுனை வரை போய் நின்று, அவருடைய முதுகையே பார்த்தாள். மறுபடி ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. விடிந்ததும் கிளம்பிப் பத்து மணிக்குத் திரும்புவார். சட்டையெல்லாம் முள் கிழித்திருக்கும். முகம் நன்றாக இருக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் வாசல் தெளித்த கையோடு அக்கா சைக்கிளுக்குப் புற்றுமண் பூசுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறது எல்லோரும் செய்கிறது, அதோடு நின்றிருக்கும் என்று நினைத்திருந்தேன். வாங்கி மூன்று மாசத்தில் ஷாக்கில் காற்று இறங்கியபோது கம்பெனிச் சரக்கு மோசம் என்று கோயம்புத்தூர்க்காரரிடம் சண்டை போட்டு சீல் வரவழைத்து மாற்றினேன். அடுத்த இரண்டு மாசத்தில் மறுபடி இறங்கியது. அன்றுதான் என் கையில் பழுப்பு மண் விழுந்தது. பின்னாலிருக்கிற சாமான்களிலேயே பளபளப்பாக இருக்கிற இடம், அதுவும் அவர் இடுப்புக்கு நேர் கீழே இருக்கிற இடம் என்று பார்த்து, அக்கா மண்ணைக் குழைத்து அந்தத் தண்டிலேயே பூசியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஏறி உட்கார உட்கார, தண்டு அந்த மண்ணைத் தன்னோடு உள்ளே இழுத்துக்கொண்டு போய் சீலை அரைத்திருக்கிறது. கண்ணாடி மாதிரி இருந்த தண்டில் நகத்தால் கீறியது போலக் கோடு கோடாக விழுந்திருந்தது.

அத்தானைக் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், சிரித்தார். "நீ ரப்பர் சீல மாத்து. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத." ஒரு தடவை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம்தானே என்றேன். தீராது என்றார். அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் கம்பத்தைத்தான் அசைக்கலாம். மூன்றாம் தடவையும் மாற்றினேன். நான்காம் தடவை சீல் கேட்டு போன் செய்தபோது கோயம்புத்தூர்க்காரர் சொன்ன வார்த்தையில்தான் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பட்டிக்காட்டு மெக்கானிக் கையில் நல்ல வண்டி போனால் இப்படித்தான் ஆகும் என்றார். தப்பு என் கையில் இல்லை என்று சொல்லவும் முடியாமல், யார் கையில் என்று சொல்லவும் முடியாமல் போனை வைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த வாரம் நான் கெட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வேண்டுமென்றே அக்கா வீட்டுக்குப் போனேன். கிண்ணத்தில் மண்ணைக் குழைத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்டில் ஒரு விரல் பூசியாகிவிட்டது. "ஏக்கா, வண்டிய நீதான் கொல்லுத" என்று ஆரம்பித்தேன். சீல், தண்டு, காற்று என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஓடையில எறங்கும்போது ஷாக் திடீர்னு ஒக்காந்துச்சுன்னா அத்தான் முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அழுகையுமில்லை. விரலை மட்டும் மடக்கிக்கொண்டாள். குழாயடிக்குப் போய், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு, "காப்பி குடிக்கியால?" என்று கேட்டாள். குடித்தேன். சரியான காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு கடைக்கு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் காப்பியை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அக்கா சைக்கிள் பக்கமே போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒவ்வொன்றாக ஏதோ வர ஆரம்பித்தது. ஒரு வாரம் அவளுக்குக் கிறுகிறுப்பு. அடுத்த வாரம் கடையநல்லூரில் ஒரு கல்யாண வீடு. யார் வீடு என்று கேட்டால் அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அதற்கடுத்து காஸ் தீர்ந்துவிட்டது. சும்மா கிளம்பினால், "இன்னைக்கு வேண்டாமே" என்பாள். இவ்வளவு காலம் சண்டை போட்டு அனுப்பியவள் சண்டை போடாமல் கேட்கும்போது அத்தான் எப்படிப் போவார்? சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார். ஒரு மாசம், இரண்டு மாசம், மூன்று மாசம். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துணி மூடிக் கிடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு இறுகிப்போய் நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றி எழுந்தார். திருநெல்வேலி டாக்டர் பார்த்துவிட்டு, சைக்கிள் மிதிக்கச் சொன்னேனே, ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். அக்கா மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். கூடப் போயிருந்த நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த மறுநாள் அத்தான் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் ஒரு பிள்ளையின் சைக்கிளுக்குச் செயின் மாட்டி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "மாப்ள, மண்ணு பூசுனா முதுகு நிக்கும்னு நானும் நம்பல. ஆனா அவ கையில இருந்து அதைப் பிடுங்கிட்டா, அவ பயத்தை எங்கன கொண்டுபோயி வைப்பா? சொல்லு பாப்போம்." அந்தப் பயத்தை வைக்க இடம் இல்லாமல்தான் அவள் கிறுகிறுப்பாகவும் கல்யாண வீடாகவும் காலிச் சிலிண்டராகவும் வீடு முழுக்க இறைத்து வைத்திருந்தாள். அதை நான் அன்றுதான் பார்த்தேன். அத்தான் எழுந்து, கடையில் நின்ற ஒரு ஹார்டுடெயிலின் பின்பக்கத்தை விரலால் தட்டினார். "இதுல பூசுனா ஏதாவது கெடுமா?" கெடாது, எல்லாம் ஒட்டிய கம்பி, உள்ளே போக வாசலே இல்லை என்றேன். "அப்ப இது போதும்" என்றார். உங்கள் முதுகு என்றேன். "அத நான் பாத்துக்கிடுதேன்." சீட்டுக்கடியில் ஸ்பிரிங் வைத்த தண்டு ஒன்று கிடைக்கும், அதையாவது போடுகிறேன் என்றேன். அதுவும் பளபளப்பாக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். "வேண்டாம்" என்றார்.

ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எடுப்பது அக்காதான் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய ஃபுல் சஸ்பென்ஷனுக்குப் புதுத் தண்டு போட்டு, ஹார்டுடெயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். அக்கா முதலில் பழைய வண்டியின் சீட்டை உள்ளங்கையால் அழுத்தினாள். மெத்தென்று இறங்கி ஏறியது. அடுத்ததை அழுத்தினாள். அது அசையவில்லை. இரண்டு கையையும் வைத்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அழுத்தினாள். "இது கல்லு மாதிரில்லா இருக்கு" என்றாள். கால்தான் ஸ்பிரிங், பெடலில் எழுந்து நின்றால் குலுக்கல் முதுகுக்கு ஏறாது என்று அத்தான் சொன்னார். டயரைப் பருமனாகப் போட்டுக் காற்றைக் குறைத்து வைக்கலாம் என்று நானும் சொன்னேன். இரண்டுமே பொய்யில்லை. அக்கா எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்ட மாதிரி இல்லை. பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து, சீட்டுக்குக் கீழிருந்து அச்சு வரைக்கும் போகிற கம்பியை விரலால் நெடுகத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்து, சின்னக் குரலில் கேட்டாள். "ஏல, இதுல நான் பூசுனா ஒண்ணும் ஆகாதே?"

ஒண்ணும் ஆகாதுக்கா என்றேன். அவள் மறுபடியும் இரண்டு வண்டியையும் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என் கடையில் நின்று யோசித்ததில்லை. அவருக்குச் சுகமாக இருக்கிற வண்டி ஒன்று. அதில் அவளுக்குக் கை வைக்க இடமில்லை. அவள் கை வைக்கலாம் என்கிற வண்டி இன்னொன்று. அது கல் மாதிரி இருந்தது. அத்தான் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார், முகம் காட்டி அவள் மனசை இழுத்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். கடைசியில் அக்கா ஹார்டுடெயிலின் மேல் கையை வைத்து, "இதே இருக்கட்டும்" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை பின் கம்பி இரண்டிலும் பட்டை பட்டையாகப் புற்றுமண். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கிறுகிறுப்பு வரவில்லை. "எங்கன போறிய?" என்று உரக்கக் கேட்டாள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே அன்று அங்கே போயிருந்தேன்.

ஐந்து வருஷம் அந்த வண்டி ஓடியது. வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மண் ஏறினால் ஒரு வாளித் தண்ணீர், செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். என் கடைக்கு அதனால் பிழைப்பே இல்லை. ஆனால் அத்தான் கடைக்கு வந்தார். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை சீட்டில் சம்மணம் போட்டவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போவார். அக்கா பார்த்துக்கொண்டு நிற்பாளே. முனை திரும்பியதும் பெடலில் எழுந்து நின்றுகொள்வார். காட்டுக்குள் முக்கால்வாசி வழியை நின்றே ஓட்டியிருக்கிறார் என்று அவருடைய கெண்டைக்காலைப் பார்த்தால் தெரியும். கால் ஓய்கிற இடத்தில் உட்காரத்தானே வேண்டும்? திரும்பி வரும்போது முதலில் என் கடை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். கால் மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கம்பத்தில் செடிகொடி படர்ந்திருக்கிறது, எந்தக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் மேலே வேலை பார்த்துக்கொண்டே உம் போடுவேன். பழைய வண்டியையே எடுங்கள், நான் அக்காவிடம் பேசுகிறேன் என்று ஒருதரம் சொன்னேன். "நீ பேசுனது போதும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு எழுந்து, தலை சீவி, சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். நல்லா இருந்துச்சா என்று அக்கா கேட்பாள். நல்லா இருந்துச்சு என்பார். அதுவும் பொய்யில்லை.

அந்த வண்டியை எடுக்க விட்டது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் கடைக்கு ஆட்கள் வந்து, எதை எடுக்கலாம் அண்ணாச்சி என்று இரண்டு படத்தையும் போனில் காட்டுகிறார்கள். எங்கே ஓட்டுவீர்கள், எடை எவ்வளவு, மழையில் போவீர்களா என்று கேட்டுப் பதில் சொல்கிறேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாய் வரும். கேட்பதில்லை.

போன தை மாசத்தில், பொங்கல் கழிந்து சில நாளில், அத்தானுக்கு மாரடைப்பு வந்தது. காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். முதுகுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அக்கா அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதபோதும் அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி என்னை ஏவிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தேன். அக்கா உள் அறையிலிருந்து கூப்பிட்டாள். வாளியை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கேன். பொய் சொல்லக் கூடாது" என்றாள். "அந்த சைக்கிள நான் எனக்காகத்தாம்ல எடுத்தேன். அவியளுக்காக எடுக்கல. அது அவியளுக்கு வலிச்சுதா?"

இல்லைக்கா என்ற சொல் என் நாக்கில் தயாராக இருந்தது. ஒருதரம் உண்மையைச் சொல்லி நான் செய்த கேடு எனக்கு மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் என் எரிச்சலுக்காகச் சொன்னேன். இன்றைக்கு அவள் கேட்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "வலிச்சுதுக்கா" என்றேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையில் வந்து கால் மணி நேரம் தரையில் மல்லாந்து படுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார் என்பதையும், அவர் கேட்டுக்கொள்ளாமலே நான் அதை மறைத்து வைத்திருந்ததையும் சொன்னேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ ரசம் கேட்டார்கள்.

"வெறுந்தரையிலயா படுத்தாவ?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. புது சைக்கிள் வாற அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சுப் போடுவேன்."

"தலைக்கு?"

தலைக்கு நான் ஒன்றும் கொடுத்ததில்லை. ஐந்து வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அது எனக்குத் தோன்றவில்லை. "வலது கையை மடிச்சுத் தலைக்கு வச்சுக்கிடுவாருக்கா" என்றேன்.

"ஆமா, அவிய அப்படித்தான் படுப்பாவ" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.